இருளின் இளவரசன்: பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் மின்பழுது வரலாறு

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் தயாராயின. இரண்டு இருக்கை, மடக்கும் கூரை, எளிய நான்கு சிலிண்டர் எஞ்சின், நடுத்தர வருவாய்க்காரரும் வாங்கக்கூடிய விலை ஆகியவை சேர்ந்து அதனை உலகில் மிக அதிகம் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்களுள் ஒன்றாக்கின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. எஞ்சினைப் பற்றி வாங்கியவர்கள் அதிகம் குறை சொல்லவில்லை. மழையிரவில் முகப்பு விளக்கு மங்குவது, வைப்பர் பாதியில் நிற்பது, இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கு மினுக்குவது போன்ற மின்பழுதுகளே அவர்களை வாட்டின.

விளக்குக் கண்ணாடியிலும் சுவிட்சிலும் டைனமோவிலும் லூகாஸ் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்ததால் பழி அந்தப் பெயர் மீது விழுந்தது. அமெரிக்க உரிமையாளர்கள் அந்நிறுவனத்தின் நிறுவனர் ஜோசப் லூகாசுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் சூட்டினர். லூகாஸ் சுவிட்சுக்கு மங்கல், மினுக்கல், அணைவு என மூன்று நிலைகள் உண்டு என்பதும், ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிப்பது அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியும் லூகாஸ் என்பதால்தான் என்பதும் அக்காலத்து நகைச்சுவைகள்.

பட்டம் பாதி நியாயமானது. இக்கார்களைப் பிரித்துப் பார்ப்பவர் பெயர் பொறித்த பொருளிலேயே பழுதைக் காண்பது குறைவு. அந்தப் பொருளுக்கு மின்னோட்டம் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும்தான் அதிகம் காண்கிறார். அந்த வழி ஏன் அப்படி அமைந்தது என்பது பிரித்தானியக் கார்த் தொழிலின் வரலாற்றோடு சேர்ந்தது.

விளக்கு வணிகத்தில் தொடங்கிய நிறுவனம்

ஜோசப் லூகாஸ் 1834இல் பர்மிங்காமில் பிறந்தவர். 1860களில் தள்ளுவண்டியில் பாரஃபின் எண்ணெய் விற்றார். பிறகு விளக்குகளைச் செய்யத் தொடங்கினார். உயரச் சக்கர மிதிவண்டிகளுக்காக அவர் உருவாக்கிய எண்ணெய் விளக்கின் பெயர் ‘கிங் ஆஃப் தி ரோடு’, அதாவது சாலையின் அரசன். பிற்காலத்தில் இருளின் இளவரசன் ஆக்கப்பட்டவரின் முதல் புகழே இருளில் வழிகாட்டியதால் வந்தது என்பது வரலாற்றின் குறும்பு. நிறுவனம் 1897இல் பங்கு நிறுவனமாயிற்று. ஜோசப் லூகாஸ் 1902இல் இறந்தார். அவர் மீது சுமத்தப்படும் கார்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்க முடியாது.

நிறுவனத்தைப் பெரிதாக்கியதில் முதல் உலகப்போருக்குப் பங்குண்டு. எஞ்சினில் தீப்பொறி தரும் மேக்னட்டோ என்ற கருவிக்குப் பிரித்தானியா அதுவரை ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தை நம்பியிருந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. அவ்வாண்டே லூகாஸ், மேக்னட்டோ செய்யும் தாம்சன்-பென்னட் நிறுவனத்தை வாங்கியது. 1926இல் போட்டியாளர்களான ரோட்டாக்சும் சி.ஏ.வி.யும் அதன் கைக்கு வந்தன. அதன் பின்னர், பிரித்தானியாவில் கார் செய்பவர் யாராயினும் மின்பொருளுக்கு லூகாசிடம் போவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. வாகன மின்பொருள் வணிகத்தில் நிலவிய ஆதிக்கத்தை அந்நாட்டின் ஏகபோக ஆணையம் விசாரித்து 1963இல் அறிக்கை வெளியிடும் அளவுக்கு நிலைமை இருந்தது. எல்லாக் காரிலும் ஒரே பெயர் இருந்தால் எல்லாப் பழுதுக்கும் ஒரே பெயர்தானே கிடைக்கும்.

லூகாசின் பொறியாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஃபிராங்க் விட்டில் உருவாக்கிய ஜெட் எஞ்சினின் எரியறைப் பணியில் அந்நிறுவனம் பங்கேற்றது. 1967இல் அறிமுகமாகி ஃபார்முலா ஒன் பந்தயங்களை ஆண்டுகணக்கில் ஆண்ட காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தியதும் லூகாஸ் கருவியே. ஆனால் மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கு மின்பொருள் வாங்கிய நிறுவனங்கள் ஒவ்வொரு ஷில்லிங்கையும் எண்ணின. எத்தனை ஃபியூஸ், எவ்வளவு தடிமனான ஒயர், ரிலே வேண்டுமா வேண்டாமா என்பனவற்றில் இந்தக் கணக்கின் தடம் தெரிகிறது.

இரண்டே ஃபியூஸ்

தொடக்ககால எம்.ஜி.பி.யின் ஒயரிங்கில் இரண்டு ஃபியூஸ்களே இருந்தன. ஒன்று ஹாரன் போன்ற, சாவி இல்லாமலும் இயங்க வேண்டியவற்றுக்கு. மற்றது வைப்பர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், எரிபொருள் காட்டி முதலியவற்றுக்கு. முகப்பு விளக்கு, இக்னிஷன், பெட்ரோல் பம்பு ஆகியவற்றுக்கு ஃபியூஸ் இல்லை. 1960களின் இறுதியில் எண்ணிக்கை நான்காக உயர்ந்தபோதும் முகப்பு விளக்கு வெளியிலேயே நின்றது. ஒரு ஃபியூஸ் போனால் இரு விளக்கும் சேர்ந்து அணைந்து ஓட்டுநர் இருட்டில் சிக்குவார் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வதுண்டு. அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் விளக்குக்கு ஒன்றாக ஃபியூஸ் வைத்திருந்தால் அந்தச் சிக்கலே எழாது.

ஃபியூஸ் இல்லாத ஒயர் காரின் உடலில் உரசி ஷார்ட் ஆனால் ஒயரே ஃபியூஸ் ஆகிவிடுகிறது. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். சில நொடிகளில் உறை உருகி, பக்கத்து ஒயர்களையும் சேர்த்து டாஷ்போர்டுக்குள் புகை கிளம்பும். பழைய கார்கள் எரிந்துபோவதற்கு இது ஒரு முக்கிய வழி. ஆகவே இக்கார்களில் வேலை செய்பவர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறார். பலர் பேட்டரி அருகே முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் பொருத்திவிடுகின்றனர்.

ஃபியூசிலேயே இன்னொரு பொறி உண்டு. லூகாஸ் கண்ணாடி ஃபியூசில் எழுதப்பட்டிருக்கும் 35 ஆம்பியர் என்பது அது உருகும் அளவு. அது தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17 ஆம்பியர்தான். மற்ற நாடுகளின் ஃபியூசில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்து அமெரிக்கக் கடையில் 35 ஆம்பியர் ஃபியூஸ் வாங்கிப் போட்டவர், தம்மை அறியாமல் இருமடங்கு மின்னோட்டத்தை அனுமதித்தார். அப்போது ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும்.

நேர்முனை எர்த்திலிருந்து எதிர்முனை எர்த்துக்கு

காரில் மின்னோட்டம் திரும்பி வரத் தனி ஒயர் கிடையாது. உலோக உடலே திரும்பும் வழி. பேட்டரியின் எந்த முனையை உடலோடு இணைப்பது என்பதில் நாடுகள் வேறுபட்டன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் நேர்முனை உடலோடு சேர்ந்திருந்தது. 1962இன் எம்.ஜி.பி.யும் அப்படியே: இருக்கைகளுக்குப் பின்னே மறைந்திருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், நேர்முனை எர்த், மின்னேற்றத்துக்கு டைனமோ. 1967இல் வந்த இரண்டாம் வரிசை எம்.ஜி.பி.யில் ஆல்டர்னேட்டர் வந்தது. எர்த் எதிர்முனைக்கு மாறியது.

இம்மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. அந்த டைனமோவின் உச்ச உற்பத்தி 22 ஆம்பியர் மட்டுமே, அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான். மழையிரவில் விளக்கு, வைப்பர், ஹீட்டர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் தேவை அந்த அளவை நெருங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. விளக்கு மங்கி, சிவப்பு எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டும். இது பழுதல்ல, டைனமோவின் இயல்பு. இதையறியாமல் நல்ல டைனமோக்களைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

பழைய காரில் பேட்டரியை மாற்றிப் பொருத்துவோர் முனையைச் சரிபார்க்கத் தவறினால் சேதம் பெரிது. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் முனை மாறினால் அதன் டயோடுகள் உடனே கருகும். நேர்முனை எர்த் காரை எதிர்முனைக்கு மாற்றுவோர் டைனமோவின் களச்சுருளுக்குச் சிறிது மின்சாரம் காட்டி அதன் காந்தமுனையைத் திருப்ப வேண்டும், மின்சார ஆர்.பி.எம். மீட்டரின் உள்ளிணைப்பையும் மாற்ற வேண்டும். இதையெல்லாம் செய்தவர் காரை விற்கும்போது அடுத்தவரிடம் சொல்லாமல் போனால், பழுது பார்ப்பவரின் முதல் அரை நாள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே கழியும்.

நிறமே வரைபடம்

பழுது தேடுவோருக்கு லூகாஸ் விட்டுச்சென்ற பெரிய உதவி ஒயரின் நிறம். பிரித்தானிய வாகனங்கள் ஒரே நிற ஒழுங்கைப் பின்பற்றின. பின்னர் அது பி.எஸ். ஏ.யூ. 7 என்ற தரநிலையாயிற்று. பழுப்பு ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஃபியூஸ் இல்லை. ஊதா ஒயரிலும் எப்போதும் இருக்கும், ஃபியூஸ் உண்டு. வெள்ளையில் சாவி திருப்பினால் வரும், ஃபியூஸ் இல்லை. பச்சையில் சாவி திருப்பிய பின் ஃபியூஸ் வழியாக வரும். நீலம் முகப்பு விளக்குக்கு, சிவப்பு பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கு. ஒரே நிறத்தின் மீது மெல்லிய இரண்டாம் கோடு வந்தால் அது சுவிட்சைத் தாண்டிய கிளை என்று பொருள்: பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு, பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்க இண்டிகேட்டர், நீலத்தில் வெள்ளைக் கோடு உயர்கற்றை விளக்கு.

பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் வைப்பரும் ஒரே நேரத்தில் நின்றால் மூன்று பொருள்களும் ஒன்றாகப் பழுதாகியிருக்க வாய்ப்பில்லை. மூன்றுக்கும் தாய் ஒயர் பச்சை. எனவே பச்சை ஃபியூசைப் பார்த்தால் போதும். ஃபியூஸ் முழுதாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கவ்விகள் பச்சைக் களிம்பேறியிருக்கலாம். விரலால் ஃபியூசைச் சற்றே உருட்டியதும் எல்லாம் உயிர்பெறுவது இக்கார்களில் அன்றாடக் காட்சி. பெரிய ஒயரிங் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குழம்புவதை விட, இறந்தவை எவை, இருப்பவை எவை என்று பட்டியலிட்டு அவற்றின் பொது நிறத்தைத் தேடுவது விரைவானது.

இந்த நிற ஒழுங்குக்கு உட்பட்ட கார்க் குடும்பம் சென்னை வரை நீண்டது. 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு காரின் சட்டகத்தைச் சுருக்கிக் கட்டியது. அதே ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. 1961இல் லூகாசும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தின் பெயரை இன்றும் சென்னை பாடி வட்டாரத்தில் பேருந்து ஏறுவோர் இடப்பெயராகவே சொல்கின்றனர்.

ஒன்றே கால் வோல்ட்டின் விலை

மங்கலான முகப்பு விளக்கு இக்கார்களின் அடையாளப் பழுது. அதன் மின்வழியைப் பின்தொடர்ந்தால் காரணம் விளங்கும். பேட்டரியிலிருந்து பழுப்பு ஒயர் டாஷ்போர்டு சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து நீல ஒயர் டிப் சுவிட்சுக்குப் போகிறது. பின் காரின் முன்பக்கம் வந்து, துப்பாக்கிக் குண்டு வடிவப் பித்தளை முனைகளைக் குழாயில் செருகிய இணைப்புகளில் பிரிந்து விளக்கை அடைகிறது. கறுப்பு ஒயர் வழியே உடலுக்குத் திரும்புகிறது. நடுவில் ரிலே இல்லை. விளக்கின் முழு மின்னோட்டமும் விரலால் தட்டும் சின்னச் சுவிட்சின் வழியாகவே ஓடுகிறது.

இரு விளக்கும் சேர்ந்து 100 வாட் என்றால் மின்னோட்டம் சுமார் 8 ஆம்பியர். அந்த வழியிலுள்ள பத்துப் பன்னிரண்டு இணைப்புகளில் களிம்பேறி மொத்தம் 0.15 ஓம் மின்தடை சேர்ந்தால் விளக்குக்குப் போகும் மின்னழுத்தத்தில் 1.2 வோல்ட் குறையும். பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் டங்ஸ்டன் இழையின் ஒளி மின்னழுத்தத்தைப் போல நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பலமடங்கு வேகமாகக் குறையும். 10 விழுக்காடு மின்னழுத்தம் போனால் ஒளியில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். போன 1.2 வோல்ட் அந்த இணைப்புகளில் சுமார் 10 வாட் வெப்பமாகிறது. சூடேறும் இணைப்பு மேலும் களிம்பேறும், தடை மேலும் கூடும். பழுது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் விதம் இது. விளக்கை மாற்றினால் ஒன்றும் ஆகாது. அதைவிட அதிக வாட் விளக்கைப் போட்டால் சுவிட்ச் உருகும். இணைப்புகளைத் தேய்த்துத் துலக்குவதும், ரிலே ஒன்று பொருத்திச் சுவிட்சின் சுமையை இறக்குவதும்தான் தீர்வு.

திரும்பும் வழியில் தடை வந்தால் காட்சி இன்னும் விசித்திரமாகும். பின்விளக்குக் கூட்டின் எர்த் துருப்பிடித்துவிட்டால், பிரேக் விளக்கின் மின்னோட்டம் உடலுக்குப் போக முடியாமல் அதே கூட்டிலுள்ள வேறொரு பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். பிரேக் மிதித்தால் பின்விளக்கும் இண்டிகேட்டரும் மங்கலாக எரிவது இதனால்தான். சுவிட்சில் பேய் புகுந்ததாக எண்ணுவோர் கறுப்பு ஒயரின் முனையிலுள்ள ஒரு திருகைத் துலக்கினால் பேய் போய்விடும்.

எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை அறுந்தால் நடப்பது இதனினும் கொடியது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மீது உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் எப்படியாவது திரும்ப வேண்டும். சோக் கம்பியும் ஆக்சிலரேட்டர் கம்பியும் எஞ்சினையும் உடலையும் இணைக்கும் உலோகங்கள். மின்னோட்டம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் முனகும், சோக் குமிழைத் தொட்ட கை சுடும், கம்பியின் உறை புகையும். புதிய பேட்டரியும் புதிய ஸ்டார்ட்டரும் வாங்கிப் போட்ட பிறகும் வண்டி கிளம்பாததற்குப் பின்னால் சில நேரம் இந்தப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றே இருக்கும்.

பழுது தேடும் கைப்பழக்கம்

இத்தகைய பழுதை ஓம் அளவியால் தேடுவது வீண். பத்து இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய ஒயரும் ஓம் அளவியில் நல்ல ஒயராகவே தெரியும். அளவி செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். விளக்கை எரியவிட்டு, வேலை நடக்கும்போதே மின்னழுத்தம் எங்கே குறைகிறது என்று அளப்பதே முறை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை விளக்குக் கூட்டின் உலோகத்திலும் வைத்தால் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த்தில் பழுது. அதே சோதனையை இணைப்பு இணைப்பாக முன்னோக்கி நகர்த்தினால் குற்றவாளி அகப்படும்.

ஃபியூஸ் மாற்றியவுடன் மீண்டும் போகிறது என்றால் பழைய கைவினைஞர்கள் ஃபியூசின் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைக் கட்டுவர். ஷார்ட் இருக்கும் வரை பல்பு பிரகாசமாக எரியும், ஒயர் எரியாது. ஒயர்க் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போக, எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கே உறை தேய்ந்திருக்கும். விலை மலிவு, ஃபியூஸ் விரயமில்லை.

காது கேட்டுச் சொல்லும் பழுதும் உண்டு. சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து எஸ்.யூ. பெட்ரோல் பம்பு டக் டக் என்று சில முறை அடித்து ஓய வேண்டும். ஒலியே இல்லையெனில் மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் உள்ளிருக்கும் பாயிண்ட் கருகிவிட்டது. பம்பைச் சுத்தியின் மரப்பிடியால் தட்டினால் அப்போதைக்கு ஓடும், வீடு சேரலாம். ஓயாமல் அடித்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கிறது அல்லது எங்கோ காற்று புகுகிறது. பிந்தைய மாதிரிகளில் ஸ்டார்ட்டர் சுழலும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் இக்னிஷன் காயிலுக்குப் போகும் தடை ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் மின்சாரம் அந்த ஒயரைத் தவிர்த்து நேர்வழியில் போவதால் இப்படி நேர்கிறது. எரிபொருள் காட்டியும் வெப்பக் காட்டியும் ஒன்றாக உச்சத்துக்குப் போனால் எஞ்சின் கொதிக்கவில்லை. இரண்டுக்கும் 10 வோல்ட் வழங்கும் சிறிய நிலைப்படுத்தி, தன் எர்த்தை இழந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது முந்தைய உரிமையாளர்களின் கைவேலை. 40, 50 ஆண்டுகளில் ஒரு கார் பல கைகள் மாறுகிறது. ஒருவர் ரேடியோவுக்குப் பச்சை ஒயரைக் கிள்ளியிருப்பார். ஒருவர் பனிவிளக்குக்கு மஞ்சள் ஒயர் இழுத்திருப்பார். ஒருவர் ஃபியூஸ் கிடைக்காத இரவில் சிகரெட் தாளின் ஈயத்தைச் சுற்றியிருப்பார். நிற ஒழுங்கு என்ற வரைபடம் அங்கே கிழிந்துபோகிறது. நிறம் பொருந்தாத ஒயர் கண்ணில் பட்டால் பழுது அதன் பக்கத்தில்தான் என்று முதலில் அதைப் பின்தொடர்வது அனுபவசாலிகளின் வழக்கம். தொழிற்சாலை ஒயரிங்கின் குறை என்று பேசப்பட்டதில் எவ்வளவு இத்தகைய ஒட்டுவேலையால் வந்தது என்பதை நகைச்சுவைகள் கணக்கில் எடுக்கவில்லை.

பெயருக்குப் பின்னர்

எம்.ஜி.யின் ஆபிங்டன் ஆலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. லூகாஸ் 1996இல் வேரிட்டி என்ற நிறுவனத்தோடு இணைந்து, 1999இல் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கான உதிரிகளை இன்று பலர் புதிதாகச் செய்து விற்கின்றனர். டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலும் ரோட்டரின் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட், புதிய உதிரிகள் சிலவற்றில் நடு அச்சுக்கு மிக அருகே இறங்கியிருந்தது. தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த ரிவெட் வழியே அச்சுக்குத் தாவியது. எஞ்சின் நடுவழியில் நின்றது. சில புதிய கன்டென்சர்களும் சில நூறு மைல்களில் செத்தன. இதனால் இன்று எம்.ஜி.பி. உரிமையாளர்கள் பழைய பொருள் சந்தைகளில் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிகளைத் தேடுகின்றனர். பெட்டியின் மீது பச்சையும் சிவப்புமாக அச்சாகியிருக்கும் லூகாஸ் என்ற பெயரைக் கண்டால் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றனர்.